ஸ்கிளீரோடெர்மால காத்து கசிஞ்சா: டியூபா, கத்தியா, காத்திருக்கறதா?

ஸ்கிளீரோடெர்மா இருக்கறவங்களுக்கு நெஞ்சுக்குள்ளயோ வயித்துக்குள்ளயோ காத்து கசியறது ரொம்ப அபூர்வம்தான், ஆனா நடந்துட்டா முடிவெடுக்க குடும்பத்துக்கு சில சமயம் ஒரு மணி நேரம் கூட கிடைக்காது. எக்ஸ்ரேவ காட்டி ரெண்டு வார்த்தை சொல்லி கன்சென்ட் பேப்பர நீட்டுவாங்க, என்ன கேக்கணும்னே தெரியாம நிப்பாங்க. நான் செஸ்ட் வார்டுலயும் சர்ஜரி வார்டுலயும் ஸ்டாஃப் நர்ஸா இருந்திருக்கேன், டாக்டர் இல்ல, ஆனா இந்த ரெண்டு பக்கத்தையும் பக்கத்துல இருந்து பாத்ததால ஒரு விஷயம் திரும்பத் திரும்ப தோணும். நுரையீரல்ல கசிஞ்சா கொஞ்சம் சீக்கிரமே கை வைக்கணும், குடல்ல கசிஞ்சா கொஞ்சம் கைய கட்டிக்கிட்டு பாக்கணும். சாதாரண ஆளுக்கு பெரும்பாலும் இதுக்கு நேர் எதிர்மாறாத்தான் செய்வாங்க, அதனாலதான் இந்த வியாதியில குழப்பமே வருது. அத விவரமா எழுதறேன்.

முதல்ல வியாதி. தோல் இறுகற வியாதின்னுதான் பொதுவா சொல்றோம், விரல் குளிர்ல வெளுத்து நீலமாகும், மூஞ்சி தோல் இழுத்துக்கும், வாய் சின்னதாகும். ஆனா அதே இறுக்கம் உள்ளயும் நடக்குது. நுரையீரல்ல தழும்பு கட்டும், அதத்தான் ஐஎல்டின்னு சொல்றாங்க. சாப்பாட்டுப் பாதையில 10 பேர்ல 9 பேருக்கு ஏதாவது ஒரு பாதிப்பு இருக்கும், முதல்ல உணவுக்குழாய், அப்புறம் சின்னக்குடல், பெருங்குடல்னு. குடல் தசை தளர்ந்து போய் உள்ள இருக்கறத தள்ளவே தள்ளாது.

நுரையீரல் பக்கம் என்ன ஆகுதுன்னா, தழும்பு கட்டின நுரையீரலோட ஓரத்துல, வெளி உறைக்கு ஒட்டினாப்புல சின்னச் சின்ன காத்துப் பைகள் உண்டாகும், சிடில பாத்தா தேன்கூடுன்னு எழுதியிருப்பாங்க. இருமறப்போ, முக்கறப்போ, சில சமயம் சும்மா உக்காந்திருக்கறப்போ கூட அதுல ஒண்ணு வெடிச்சா காத்து நுரையீரலுக்கும் நெஞ்சுக்கூட்டுக்கும் நடுவுல போய் நுரையீரல அமுக்கும், அதுதான் நிமோதோராக்ஸ். திடீர்னு ஒரு பக்கம் குத்து வலி, மூச்சு வாங்கல். ஏற்கனவே மாடி ஏறினா மூச்சு வாங்கற ஆளுங்க இவங்க, அதனால "வியாதி முத்திடுச்சு போல"ன்னு ரெண்டு நாள் வீட்லயே இருந்துடுவாங்க. மூச்சு வாங்கறது வாரக்கணக்கா மெதுவா கூடினா அது ஐஎல்டியா இருக்கலாம், ஒரே நிமிஷத்துல கூடினா அன்னிக்கே எக்ஸ்ரே எடுக்கணும், நாளைக்குன்னு தள்ளவே கூடாது.

இப்போ என்ன வழியெல்லாம் இருக்குன்னு பாப்போம். முதல் வழி, ஆக்சிஜன் வச்சுட்டு காத்திருக்கறது. கசிஞ்ச காத்த உடம்பே உறிஞ்சிக்கும், ஆனா ரொம்ப மெதுவா, ஒரு நாளைக்கு அந்தப் பக்க நெஞ்சோட கொள்ளளவுல சுமார் 1.25ல இருந்து 2.2 சதவீதம்தான். ஆக்சிஜன் அதிகமா குடுத்தா ரத்தத்துல நைட்ரஜன் குறைஞ்சு, உள்ள மாட்டின காத்து ஏறக்குறைய 4 மடங்கு வேகத்துல உறிஞ்சப்படும்னு பழைய ஆய்வுகள் சொல்லுது. 2020ல ஆஸ்திரேலியா, நியூசிலாந்துல 316 பேர வச்சு நடந்த ஒரு பெரிய ட்ரையல்ல, காத்த வெளிய எடுக்க நெஞ்சுல டியூப் போடாம காத்திருந்தவங்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு நல்லானாங்கன்னு வந்துச்சு. இத படிச்சுட்டு "எங்களுக்கு எதுக்கு டியூப்"ன்னு கேக்கறவங்க இருக்காங்க, கேள்வி நியாயமானதுதான், ஆனா அந்த 316 பேரும் நுரையீரல் வியாதி எதுவும் இல்லாதவங்க, 14ல இருந்து 50 வயசுக்குள்ள. அவங்களுக்கு ஒரு நுரையீரல் சுருங்கினா இன்னொண்ணு முழுசா இருக்கு. ஸ்கிளீரோடெர்மா பேஷண்டுக்கு ரெண்டுமே பாதிதான் வேலை செய்யுது, அதுல ஒண்ணு கால்வாசி சுருங்கினாலே ஆக்சிஜன் தடதடன்னு இறங்கிடும். அந்த ட்ரையல இங்க கொண்டு வந்து பேசவே கூடாது.

அப்போ காத்திருக்கறது எப்ப சரி? பிரிட்டிஷ் தொராசிக் சொசைட்டி 2010ல போட்ட வழிகாட்டில, நுரையீரல் வியாதி உள்ளவங்களுக்கு காத்தோட அகலம் 1 சென்டிமீட்டருக்கு கீழ இருந்து மூச்சுத் திணறலும் இல்லைன்னா அட்மிட் பண்ணி ஆக்சிஜன் வச்சு 24 மணி நேரம் பாருங்க, 1ல இருந்து 2ன்னா ஊசியில உறிஞ்சிப் பாருங்க, 2க்கு மேலயோ மூச்சுத் திணறல் இருந்தாலோ டியூப் போடுங்கன்னு இருந்துச்சு. 2023ல வந்த புது வழிகாட்டி பொதுவா எல்லாருக்கும் டியூப குறைச்சிருக்கு, ஆனாலும் அடியில நுரையீரல் வியாதி இருக்கறத அதிக ஆபத்து பட்டியல்லதான் வச்சிருக்கு, தொந்தரவு இருந்து, டியூப் பாதுகாப்பா போடற அளவுக்கு இடமும் இருந்தா போடுங்கன்னுதான் அதுவும் சொல்லுது. கவனிங்க, ரெண்டுலயுமே "வீட்டுக்குப் போயிட்டு நாளைக்கு வாங்க"ங்கறது இவங்களுக்கு கிடையாது. ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டு காத்திருக்கலாம், வீட்ல கூடாது.

ஊசியில உறிஞ்சறது வலி கம்மி, ஒரு தடவையில முடியும், ஆனா கசிவு நிக்கலைன்னா சாயங்காலமே திரும்ப காத்து சேந்துடும். இறுகின நுரையீரல்ல ஓட்டை சட்டுனு மூடாது, அதுலயும் ஸ்டீராய்டு சாப்பிடறவங்களுக்கு இன்னும் லேட்டாகும், அதனால இந்த வியாதியில எனக்கு ஊசி மேல பெரிய நம்பிக்கை இல்ல. டியூப், அதாவது ஐசிடி, பாக்க பயமா இருந்தாலும் அதுதான் பெரும்பாலும் சரியான முதல் முடிவு. இப்போ மெல்லிசான பிக்டெயில் டியூபும் இருக்கு, தோல் கட்டியா இருக்கறவங்களுக்கு அது எவ்வளவோ பரவால்ல.

ஆனா டியூபுக்கு சரி சொல்றதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்டே ஆகணும், "இது நிமோதோராக்ஸ்தானா, இல்ல பெரிய புல்லாவா"ன்னு. நுரையீரலுக்குள்ளயே இருக்கற பெரிய காத்துப் பை எக்ஸ்ரேல அச்சு அசலா நிமோதோராக்ஸ் மாதிரியே தெரியும், அதுக்குள்ள டியூப விட்டா இல்லாத ஓட்டைய நாமளே போட்டதாயிடும். ஆள் தாங்கற நிலைமையில இருந்தா சிடி எடுத்துட்டு போடறது எப்பவும் நல்லது. பிபி இறங்கி, கழுத்து நரம்பு புடைச்சு, மூச்சே விட முடியலைன்னா சிடிக்கெல்லாம் நேரம் இல்ல, அங்கேயே ஊசி குத்தி காத்த வெளிய விடுவாங்க, அப்ப குறுக்க நிக்காதீங்க.

டியூப் போட்டப்புறம் கட்டிலுக்குக் கீழ தண்ணி பாட்டில் இருக்கும். இருமினா அதுல முட்டை, அதாவது காத்துக் குமிழி வரும், அப்படின்னா இன்னும் கசியுதுன்னு அர்த்தம். பாட்டில் எப்பவும் நெஞ்சுக்குக் கீழதான் இருக்கணும். ஸ்கேனுக்கு தள்ளிட்டுப் போறப்போ வசதிக்காக பாட்டில தூக்கி கட்டில் மேல பேஷண்ட் கால் நடுவுல வைக்கறதும், முட்டை வந்துக்கிட்டிருக்கறப்பவே டியூப கிளாம்ப் பண்றதும் எங்கயும் நடக்கக்கூடிய விஷயம், ரெண்டுமே ஆபத்து, கிளாம்ப் பண்ணினா காத்து வெளிய போக வழியில்லாம உள்ள அழுத்தம் ஏறும். கூட இருக்கறவங்க இத தெரிஞ்சு வச்சிருந்தா "சிஸ்டர், முட்டை வருது, கிளாம்ப் வேணாமே"ன்னு சொல்லலாம், எந்த நல்ல நர்ஸும் அதுக்கு கோச்சுக்க மாட்டாங்க.

அஞ்சு நாள் ஆகியும் முட்டை நிக்கலைன்னா அடுத்த முடிவு வருது, உண்மையான தலைவலி இங்கதான். பழசான சைக்கிள் டியூப்ல ஒரு பஞ்சர் ஒட்டினா பக்கத்துலயே இன்னொண்ணு வாய் திறக்கற கதைதான் தேன்கூடு நுரையீரல், அதனால ஒரே ஒரு ஓட்டைய தேடி அடைக்கற யோசனை பல சமயம் வேலைக்காகாது. பாட்டில்ல சக்ஷன் கூட்டி இழுக்கலாம், ஆனா இறுகின நுரையீரல் இழுத்தாலும் விரியாது, ரொம்ப நாள் சுருங்கிக் கிடந்தத வேகமா விரிச்சா நுரையீரல்ல நீர் கோத்துக்கற ஆபத்தும் இருக்கு. அடுத்து ப்ளூரோடெசிஸ், நுரையீரல நெஞ்சுச் சுவரோட ஒட்ட வைக்கறது. டால்க் பவுடர், பொவிடோன் அயோடின், டாக்ஸிசைக்ளின் இதெல்லாம் போடுவாங்க. டால்க் நல்லா ஒட்டும், ஆனா அது உண்டாக்கற அழற்சி ஐஎல்டிய கிளப்பி விட வாய்ப்பிருக்கு, அதனால இவங்களுக்கு அது எனக்கு கடைசியாதான் தோணுது. பொவிடோன் நம்ம பக்கம் சுலபமா கிடைக்கும், ஆனா வலி பயங்கரம், முன்னாடியே நல்ல வலி மருந்து குடுக்கச் சொல்லி கேளுங்க. இன்னொண்ணு, நுரையீரல் சுவர தொட்டாதான் ஒட்டும், நடுவுல இடைவெளி இருந்தா எத போட்டும் பிரயோஜனம் இல்ல.

நான் முதல்ல கேக்கச் சொல்றது ப்ளட் பேட்ச். பேஷண்டோட சொந்த ரத்தத்தையே சுமார் 50ல இருந்து 100 மில்லி எடுத்து உடனே டியூப் வழியா உள்ள விட்டுடுவாங்க, அது உறைஞ்சு ஓட்டைய மூடும். மருந்து இல்ல, பெருசா வலி இல்ல, செலவு ரொம்ப கம்மி, ரெண்டாவது தடவையும் செய்யலாம். டியூப் அடைச்சுக்கறதும் இன்ஃபெக்ஷனும்தான் பாக்க வேண்டியது, இம்யூனிட்டி மருந்து சாப்பிடறவங்க ஜுரத்த கவனிக்கணும். அதுக்கும் நிக்கலைன்னா காத்த வெளிய மட்டும் விடற ஹெய்ம்லிக் வால்வ் மாட்டி டியூபோடயே வீட்டுக்கு அனுப்பறது ஒரு வழி, கேக்க என்னமோ மாதிரி இருக்கும், ஆனா மாசக்கணக்கா பெட்ல கிடந்து தசையெல்லாம் கரையறதுக்கு இது மேல்.

ஆபரேஷன் பத்தி சுருக்கமா. வாட்ஸ்னு சொல்ற துளை வழி ஆபரேஷன்ல ஒரு நுரையீரல சுருக்கி வச்சுட்டு இன்னொண்ணுல மட்டும் மூச்சு ஓட்டணும், அந்த இன்னொண்ணு தாங்குமாங்கறதுதான் கேள்வி. கூடவே பல்மனரி ஹைப்பர்டென்ஷன், அதாவது நுரையீரல் ரத்தக்குழாய்ல அழுத்தம் கூடறது இருந்தா ஆபத்து பல மடங்கு, அதனால எக்கோன்னு சொல்ற இதய ஸ்கேன் பாக்காம இந்த முடிவுக்குப் போகவே கூடாது. நுரையீரல் மாற்று சிகிச்சை பத்தி யாராவது பேசியிருந்தா ஒட்ட வைக்கறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க, ஒட்டினா பின்னாடி மாத்தவே முடியாதுன்னு இல்ல, ஆனா கஷ்டம், ரத்தப்போக்கு கூடும்.

கழுத்துல, நெஞ்சுக்கு மேல தொட்டா நறநறன்னு சத்தம் வர்ற நிமோமீடியாஸ்டினம் இன்னொரு வகை, காத்து நுரையீரலுக்குள்ள மூச்சுக்குழாயையும் ரத்தக்குழாயையும் ஒட்டி ஊர்ந்து நடு நெஞ்சுக்கு வந்துடும். பாக்க பயமா இருந்தாலும் பெரும்பாலும் ஆக்சிஜன், ஓய்வு, இருமல் மருந்து, வலி மருந்தோட அடங்கிடும், டியூப் வேணாம். ஒரே ஒரு விஷயம், அதுக்கு முன்னாடி பலமா வாந்தி எடுத்திருந்தா உணவுக்குழாய் கிழிஞ்சிருக்கான்னு பாத்தே ஆகணும். அப்போ ஸ்கேன்ல தெளிவா தெரியறதுக்காக குடிக்கக் குடுக்கற கான்ட்ராஸ்ட் மருந்துலயும் கவனம் வேணும், இவங்களுக்கு புரையேறும், சில பழைய வகை தண்ணி கான்ட்ராஸ்ட் நுரையீரலுக்குள்ள போனா நீர் கோத்துக்கும், அதனால அயோஹெக்ஸால் மாதிரி மென்மையான வகை கேக்கலாம்.

இப்போ குடல். இங்கதான் நான் நிறைய சொல்லணும், ஏன்னா இங்கதான் வேண்டாத ஆபரேஷன் நடக்கறதுக்கு வாய்ப்பு அதிகம்.

தளர்ந்த குடல்ல சாப்பாடு தேங்குது, தேங்கினா கிருமி பெருகுது, கிருமி சர்க்கரைய புளிக்க வச்சு வாயு உண்டாக்குது, அதுல ஹைட்ரஜன் நிறைய. குடலோ உப்பி சுவர் மெலிஞ்சு கிடக்கு. அந்த வாயு சுவருக்குள்ளயே நுழைஞ்சு கொப்புளம் கொப்புளமா தங்கிடும், இதுக்குப் பேரு நிமடோசிஸ். அந்தக் கொப்புளம் வெளிப் பக்கமா வெடிச்சா காத்து மட்டும் வயித்துக்குள்ள வரும், மலம் வராது, ஏன்னா சுவர் முழுசா ஓட்டையாகல. ஆனா நின்னபடி எடுத்த எக்ஸ்ரேல உதரவிதானத்துக்குக் கீழ பிறை வடிவத்துல கருப்பா தெரியும், அத பாத்தா எந்த சர்ஜனுக்கும் முதல்ல தோணறது அல்சர் வெடிச்சிருக்கு, குடல் ஓட்டைங்கறதுதான். அவங்க அப்படி நினைக்கறது தப்பே இல்ல, 100ல சுமார் 90 பேருக்கு அது உண்மையாத்தான் இருக்கும், லேட் பண்ணினா உயிரே போயிடும். ஸ்கிளீரோடெர்மாதான் இதுல விதிவிலக்கு.

எங்க வார்டுல ஒரு அக்கா இருந்தாங்க, அம்பது வயசுக்கு மேல, விரல் நுனியெல்லாம் புண்ணு. ராத்திரி எக்ஸ்ரேல காத்து தெரிஞ்சு ஓடி வந்து பாத்தா அவங்க கட்டில்ல சம்மணம் போட்டு உக்காந்துக்கிட்டு "சிஸ்டர், ஒரு வாய் காப்பி கிடைக்குமா"ன்னு கேக்கறாங்க. வயிறு பானை மாதிரி உப்பியிருக்கு, ஆனா கை வச்சு அமுக்கினா மெத்துனு இருக்கு, கைய எடுத்தா வலிக்கல. நிஜமா குடல் ஓட்டையான ஆள் அசையாம, முழங்கால மடக்கி, மூச்சு விடக்கூட பயந்து படுத்திருப்பாங்க. அன்னிக்கு டூட்டில இருந்த சர்ஜன் தியேட்டர ரெடி பண்ணச் சொல்லிட்டு, அதே சமயம் கத்திய எடுக்காம நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவ தானே வந்து அதே வயித்த அமுக்கிப் பாத்தாரு. ஆபரேஷன் பண்ணல, அக்கா வீட்டுக்குப் போனாங்க. இந்த மாதிரி காத்திருக்கறதுக்கு ஆபரேஷன் பண்றத விட அதிக தைரியமும் உழைப்பும் வேணும்.

ஆனா வயிறு மெத்துனு இருக்குன்னு மட்டும் நம்பிடவும் கூடாது, ஏன்னா ஸ்டீராய்டு சாப்பிடறவங்களுக்கு உள்ள சீழ் புடிச்சாலும் வயிறு கல்லாகாம ஏமாத்தும். அதனால எல்லாத்தையும் சேத்து பாக்கணும். ஜுரம் இருக்கா, நாடி ஏறிக்கிட்டே போகுதா, பிபி இறங்குதா, வெள்ளை அணு கூடுதா, உறுப்புக்கு ரத்தம் பத்தாதப்போ ஏறற லாக்டேட் ரத்தத்துல 2க்கு மேல போகுதா, ரத்தம் அமிலமாகுதா, யூரின் போகுதா. கான்ட்ராஸ்ட் போட்டு சிடி எடுத்து குடல் சுவருக்கு ரத்தம் போகுதா, சுவர் தடிச்சிருக்கா, கல்லீரலுக்குப் போற போர்ட்டல் ரத்தக்குழாய்ல காத்து இருக்கா, வயித்துல புதுசா நீர் தேங்கியிருக்கான்னு பாக்கணும். கொப்புளம் கொப்புளமா தெரிஞ்சா கொஞ்சம் நிம்மதி, கோடு கோடா தெரிஞ்சா சந்தேகம் கூடும். வயித்து சிடிய நுரையீரல் பாக்கற செட்டிங்லயும் போட்டுப் பாத்தா சுவருக்குள்ள இருக்கற காத்து பளிச்சுனு தெரியும், சாதா செட்டிங்ல கொழுப்பும் காத்தும் சட்டுனு பிரிஞ்சு தெரியாது. லாக்டேட் ஒரு தடவ நார்மல்னா போதாது, குடல் கெட ஆரம்பிச்ச முதல் சில மணி நேரம் அது நார்மலாவே இருக்கலாம், திரும்பத் திரும்ப எடுக்கணும். இதுல ஒண்ணு கெட்டாலும் ஆபரேஷன் பக்கம் சாயணும், எல்லாம் சரியா இருந்தா காத்திருக்கணும், அதுதான் என் முடிவு.

வயித்த திறந்து பாத்துட்டா சந்தேகம் தீந்துடும்ல, அதுல என்ன நஷ்டம்னு கேப்பாங்க. நஷ்டம் நிறைய. வாய் சின்னதா இறுகியிருக்கறதால மயக்கத்துக்கு குழாய் விடறதே பெரிய போராட்டம், உணவுக்குழாய் மூடாததால மயக்கம் குடுக்கறப்பவே புரையேறும், நுரையீரல் ஏற்கனவே பாதி. வெட்டின புண்ணு ஆற மாசக்கணக்காகும். எல்லாத்துக்கும் மேல, ஏற்கனவே தூங்கற குடல் ஆபரேஷனுக்கு அப்புறம் வாரக்கணக்கா எந்திரிக்கவே எந்திரிக்காது. கொப்புளம் இருக்கற துண்ட வெட்டி எடுத்தாலும் மிச்சக் குடலுக்கும் அதே வியாதிதான, அங்கயும் வரும். திறந்து பாத்து ஒண்ணுமில்லன்னு மூடறது இவங்களுக்கு சின்ன விஷயமே இல்ல. அதே நேரம் குடல் செத்துப்போச்சுன்னா இது எதையும் யோசிக்காம உடனே திறந்தாகணும், அப்போ இதே காரணங்கள சொல்லி தள்ளிப்போட்டா ஆள் போயிடுவாங்க.

காத்திருக்கறதுன்னா சும்மா இருக்கறதில்ல. வாய் வழியா ஒண்ணும் குடுக்க மாட்டாங்க, மூக்கு வழியா ரைல்ஸ் டியூப் போட்டு வயித்த காலி பண்ணுவாங்க, ட்ரிப்ஸ் ஓடும். ரொம்ப மெலிஞ்சவங்களுக்கு திரும்ப சாப்பாடு ஆரம்பிக்கறப்போ மெதுவாதான் ஏத்தணும், பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் பாத்து, தயமின் குடுத்து, இல்லன்னா உப்புகள் திடீர்னு இறங்கி இதயம் தடுமாறும். பட்டினி கிடந்தாரேன்னு பாசத்துல வீட்லேர்ந்து டம்ளர் நிறைய பால் பாயசம் கொண்டு வராதீங்க, தயவுசெஞ்சு.

கூடவே காத்த கரைக்கற வழிகள். ஆக்சிஜன் இங்கயும் வேலை செய்யும், கொப்புளத்துல இருக்கற ஹைட்ரஜனும் நைட்ரஜனும் ரத்தத்துக்கு வந்துடும், பதிலா போற ஆக்சிஜன உடம்பு செலவழிச்சிடும், கொப்புளம் சுருங்கும். மாஸ்க்ல சில நாள் குடுக்கறது, விலையும் கம்மி. அடுத்தது கிருமிய குறைக்கற ஆன்டிபயாடிக், மெட்ரோனிடசோல் மலிவு, ஆனா வாய் கசக்கும், மாசக்கணக்கா சாப்பிட்டா கை கால் மரத்துப்போகும். ரிஃபாக்சிமின் குடலுக்குள்ளயே நிக்கும், உடம்புல சேராது, விலைதான் ஜாஸ்தி. இந்த வியாதியில கிருமி திரும்பத் திரும்ப பெருகறதால மாத்தி மாத்தி குடுக்க வேண்டி வரும், அதனால முடிஞ்சா ரிஃபாக்சிமின நீண்ட நாளைக்கு வச்சுக்கிட்டு மெட்ரோனிடசோல குறுகிய காலத்துக்கு வச்சுக்கறது எனக்கு சரியா படுது.

ஹைப்பர்பாரிக் ஆக்சிஜன், அதாவது அழுத்தமான அறைக்குள்ள உக்கார வச்சு குடுக்கறது, கொப்புளத்த வேகமா கரைக்கும். ஆனா மேல நுரையீரல்ல காத்து கசிஞ்சு சரியாகாம இருந்தா அந்த அறைக்குள்ள போகவே கூடாது, வெளிய வர்றப்போ அழுத்தம் குறைஞ்சு மாட்டின காத்து விரிஞ்சு உயிருக்கே ஆபத்தாயிடும். காத்துப் பைகள் நிறைய உள்ள நுரையீரலுக்கும் இது கிட்டத்தட்ட அதே பயம்தான். அதனால நெஞ்சு சிடி பாக்காம யாராவது இத சொன்னா முதல்ல அத எடுக்கச் சொல்லுங்க, நான்னா தேன்கூடு இருக்கற ஆளுக்கு மாஸ்க் ஆக்சிஜனோடயே நிறுத்திப்பேன். நெஞ்சு சிடிக்கு இன்னொரு காரணமும் இருக்கு, நடு நெஞ்சுல கசிஞ்ச காத்து சில சமயம் கீழ இறங்கி வயித்துலயும் வந்து நிக்கும், அப்போ குடல் மேல பழியே வேணாம்.

குடல தள்ள வைக்கற மருந்துல ஆக்ட்ரியோடைட் ஊசி பேர கேள்விப்பட்டிருப்பீங்க. 1991ல அமெரிக்காவுல 5 ஸ்கிளீரோடெர்மா பேஷண்டுக்கு தினம் 50 மைக்ரோகிராம், 3 வாரம் குடுத்துப் பாத்ததுல குடல் அசைவு வந்துச்சு, கிருமியால வர்ற தொந்தரவும் குறைஞ்சுது. நல்ல சேதிதான், ஆனா 5 பேர்தான், அத மறக்க வேணாம். ஊசிய ஃபிரிட்ஜ்ல வைக்கணும், தினம் குத்தணும், வயிறு காலியாகறத தாமதமும் பண்ணலாம். திரும்பத் திரும்ப காத்து வர்றவங்களுக்கு மட்டும் யோசிக்கலாம்.

இத விட சுலபமா செய்யக்கூடிய ஒண்ண நிறைய பேர் விட்டுடறாங்க, வீட்ல இருக்கற மாத்திரைய பாக்கறது. சுகர் மாத்திரைல வாக்லிபோஸ் கலந்திருக்கான்னு பாருங்க, நம்ம ஊர்ல மெட்ஃபார்மினோட சேத்து ஒரே மாத்திரையா ரொம்ப சகஜமா வருது. அது மாவுச்சத்த ஜீரணமாக விடாம கீழ தள்ளும், கீழ கிருமி அத புளிக்க வச்சு வாயுவாக்கும், குடல் சுவர்ல காத்து வர்றதுக்கு அதுவே காரணமான கேஸ் எல்லாம் பதிவாகியிருக்கு. அகார்போசும் அப்படித்தான். மலச்சிக்கலுக்கு குடிக்கற லாக்டுலோஸ் சிரப்பும் அதே வாயு வேலைய பண்ணும். நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட காட்டி மாத்து மருந்து வாங்கிக்கோங்க. காத்த கரைக்க ஆயிரக்கணக்குல செலவு பண்ணிட்டு இன்னொரு பக்கம் இந்த மாத்திரைய தினம் மூணு வேளை குடுக்கறது மனசுக்கு ஆறாது.

கடைசியா நுரையீரல் மருந்துக்கும் குடலுக்கும் உள்ள சண்டை. நுரையீரல் தழும்புக்குக் குடுக்கற நின்டெடனிப் மருந்து 2019ல வந்த 576 பேர் ட்ரையல்ல நுரையீரல் கெடற வேகத்த குறைச்சது உண்மை, இழுத்து விடற மூச்சோட அளவு வருஷத்துக்கு சுமார் 93 மில்லி குறைஞ்சது 52 மில்லியாச்சு. ஆனா அது வயித்துப்போக்கு நிறைய குடுக்கும், புண்ணு ஆறறத தாமதப்படுத்தும், குடல் ஓட்டை ஆபத்துன்னு மருந்துத் தாள்லயே எச்சரிக்கை இருக்கு. இன்னொரு மருந்தான டோசிலிசுமாப்புக்கும் குடல் ஓட்டை எச்சரிக்கை இருக்கு. குடல் சுவர்ல ஒரு தடவ காத்து வந்த ஆளுக்கு இம்யூனிட்டிய அடக்கற மைக்கோஃபினோலேட்டோ ரிடுக்சிமாப்போ வச்சு ஓட்ட முடியுமான்னு ருமடாலஜிஸ்ட்கிட்ட கேக்கறது என் யோசனை, இது அவங்க முடிவுதான், ஆனா கேள்விய நீங்க எடுத்தாதான் சில சமயம் அந்தப் பேச்சே வரும், ஏன்னா நுரையீரல் டாக்டர் ஃபைல்ல குடல் சிடி இருக்காது. ஸ்டீராய்டு கூட்டறதுலயும் அதே கவனம், பிரட்னிசலோன் 15 மில்லிகிராமுக்கு மேல போனா இந்த வியாதியில கிட்னி திடீர்னு கெடற ஆபத்து கூடும், காத்து கசிவும் ஆறாது. கூட்டினா வீட்ல பிபி மிஷின் வாங்கி தினம் எழுதி வைங்க.

எந்த வழிய தேர்ந்தெடுத்தாலும் மூணு விஷயத்த நீங்களே வாய் திறந்து சொல்லுங்க. விரல்ல மாட்டற ஆக்சிஜன் கிளிப் குளிர்ந்த விரல்ல தப்பு காட்டும், 80ன்னு பாத்து பதறுவாங்க, காது மடல்லயோ நெத்தியிலயோ வைக்கச் சொல்லுங்க. மணிக்கட்டு தமனில ஊசி லைன் போடறதுக்கு முன்னாடி ரேனாட், அதாவது குளிர்ல விரல் வெளுக்கற தொந்தரவு இருக்குன்னு சொல்லுங்க, விரலுக்கு ரத்தம் நின்னுடக் கூடாது. தியேட்டருக்கே போக வேண்டி வந்தா மயக்க டாக்டர்கிட்ட உடம்புல எங்கெல்லாம் காத்து மாட்டியிருக்குன்னு சிடி ரிப்போர்ட்ட கையில குடுத்து, நைட்ரஸ் ஆக்சைடு வேணாம்னு சொல்லுங்க, அந்த கேஸ் மாட்டின காத்துக்குள்ள புகுந்து அத இன்னும் பெருசாக்கும்.